ஒன்று புள்ளி இரண்டு

அக்கா பெற்ற அறிவுக்கொழுந்துக்கு,

இங்கே யாவரும் நலம். என் டயர் கடையில் கூட்டம் அலைமோதுகிறது. நேற்று விமானத்துக்குப் பஞ்சர் ஒட்டக் கூப்பிட்டார்கள். நேரமில்லை என்று விட்டேன்.

"நம்ம தொண்ணூத்தாறு மார்க் வெளிநாட்டுக் கணக்குல வெறும் ஒன்னு புள்ளி ரெண்டுதான் மாமா. அங்க காலேஜ்ல எடம் கெடைக்காது" என்று கண்ணைக் கசக்கினாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்று உன் பள்ளிக்கே போய் வாத்தியார் மேசையில் ஓங்கித் தட்டினேன். கட்டடமே ஆடியது.

"தொண்ணூத்தாறை ஒன்னாக்குன களவாணி எவன்யா?"

அவர் சிரித்துவிட்டார். "அண்ணே, அங்க ஒன்னுதான் உச்சம், அஞ்சு வாங்குனா ஃபெயில். அவதான் எடம் கெடைச்சு போன வாரமே பிளேன் ஏறிட்டாளே! உங்ககிட்ட சொல்லலையா?"

"சொல்லாம என்ன? நான்தானே ஏத்திவிட்டேன்" என்றேன்.

தோழி வீட்டுக்குப் போயிருக்கிறாய் என்று சொன்ன உன் அம்மாவிடம் நேரே வந்து கேட்டேன். "காரியம் முடியிற வரைக்கும் உன் வாய்க்குப் பயந்துதான்டா" என்றாள்.

இருக்கட்டும். நீ எனக்கு ஒன்றும் எழுத வேண்டாம். வாத்தியாருக்கு மட்டும் ஒரு போன் போட்டு, மாமாதான் ஏற்றிவிட்டார் என்று சொல்லிவிடு. பொய் சொல்ல உனக்கு நான் கற்றுத்தர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உன்னை ஏற்றிவிட்ட தாய்மாமன்