அப்பாவின் பிரஷர் மெஷின்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையை விட்டுவிடாதே.

ஞாயிறன்று ஹாம்பர்க்கில் ஒரு மண்டபத்துக்குப் போனேன். இங்குள்ள கானா நாட்டுக்காரர்களின் ரத்த அழுத்தம்தானே என் ஆராய்ச்சி. அவர்கள் கூடும் இடத்துக்கே மெஷினோடு போய்விடுவோம். அன்று கூடியது ஒரு துக்கத்துக்கு. அபெனா என்ற நர்ஸின் அப்பா ஊரில் இறந்துவிட்டார். மகளால் போக முடியவில்லை. அப்படிப் போக முடியாதவர்களுக்காக இங்கேயே கூடி, சிவப்பும் கறுப்பும் உடுத்தி, பாடி ஆடி வழியனுப்புகிறார்கள்.

அபெனாவின் கையில் நான் மெஷின் பட்டையைச் சுற்றும்போது, "உங்க அப்பா நல்லா இருக்காரா?" என்று அவர் கேட்டார். ஆனியில் போய்விட்டார், விசா சிக்கலில் காரியங்களைப் போனில்தான் பார்த்தேன் என்றேன்.

"அப்போ நீ இன்னும் அவரை அனுப்பவே இல்லையா?" என்று கேட்டுவிட்டு, தன் கைப் பட்டையைக் கழற்றி என் கையில் சுற்றினார். கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. காபி குடித்திருந்தேன், அதனால்தான். பிறகு எல்லோரையும் அப்பாவின் பெயரைச் சொல்லச் சொன்னார். ராகவேந்திரன் என்று மண்டபமே தப்புத்தப்பாகச் சொன்னது வேடிக்கையாக இருந்தது. நன்றாகச் சாப்பிட்டேன்.

ஒன்று மட்டும் செய், அம்மா. பிரஷர் பார்க்கப் புது மெஷின் வாங்கிக்கொள். அப்பாவுடையதில் பார்க்காதே, புதிதாகப் பார்க்கப் பார்க்கப் பழைய அளவுகள் அழிந்துவிடும். அவர் கடைசியாகப் பார்த்தது அதில் இருக்கிறது. நான் வந்து பார்க்க வேண்டும்.

பஸ் வந்துவிட்டது.

உன் ஸ்ரீநிதி