அடையாளம் மாற்றிச் சொன்ன பிள்ளை

வெள்ளி, 5 ஜூலை 2024

ஞாயிற்றுக்கிழமைக்குரிய வேதபாகம் லூக்கா பதினைந்து. கெட்ட குமாரன் வீடு திரும்பும் கதை.

இந்தப் பாகங்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறவர்கள் தண்ணீர் வசதியுள்ள ஏதோ ஓர் ஊரில் இருக்கிறார்கள் என்பது என் நெடுநாள் சந்தேகம். வருடத்தில் பாதி நாள் படகு, வலை, புயல். கேட்கிறவர்களோ கண்மாயில் சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள். கலிலேயாக் கடலை அருப்புக்கோட்டையிலிருந்து வண்டியில் எடுத்துப்போய்த் திருச்சுழிக்கு அப்பால் இறக்குவதுதான் போதகராகிய என் ஊழியம். திராட்சைத் தோட்டத்தை மிளகாய்க் காடாக்கியிருக்கிறேன். சாயங்காலம் வந்து முழுக் கூலி வாங்கிய வேலைக்காரர்களை நூறு நாள் வேலைக்கு அனுப்பினேன். அன்றைக்குச் சபையில் பாதிப் பேர் ஆண்டவர் செய்தது தப்பு என்றார்கள்.

இந்த வாரம் சுலபம். தூர தேசம் என்றால் மகாராஷ்டிரத்தில் ஒரு முறுக்குக் கம்பெனி. கொழுத்த கன்று இங்கே கிடாய். பன்றிகள் அப்படியே இருக்கலாம். கடலைக் காட்டைப் பாழாக்கும் பன்றியை எல்லோருக்கும் தெரியும்.

பிள்ளைக்கும் அலைய வேண்டியதில்லை. அந்தச் சபையிலேயே வெள்ளைத்தாய் என்று ஒரு விதவை. அவள் மகன் செல்வக்குமார் ஆடு விற்ற விஷயத்தில் அவளோடு சண்டை போட்டுவிட்டு முறுக்குக் கம்பெனிக்குப் போனவன். முதலில் போன் வந்தது. பிறகு அதுவும் இல்லை. ஆனால் அவளை எதிரே உட்கார வைத்துக்கொண்டு அவள் பிள்ளையைச் சொல்ல முடியுமா? எங்கள் தொழிலில் இதற்கு ஒரு நாகரிகம் உண்டு. ஆளை எடுத்துக்கொள், அடையாளத்தை மாற்று, யார் என்று கேட்டால் பக்கத்து ஊர் என்று சொல். செல்வக்குமார் நெட்டை, நல்ல கறுப்பு, தாடையில் வெட்டுத் தழும்பு, கோபக்காரன், அதிகம் பேசமாட்டான். என் பிள்ளை குட்டை, மாநிறம், இடது கையில் எண்ணெய் கொட்டிய தழும்பு, ஊதாச் சட்டை, எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைச் சேர்த்தது எனக்கே பிடித்திருந்தது.

மனைவி எமிமாளிடம் வாசித்துக் காட்டினேன். கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டே கேட்டாள். "எல்லாம் சரி, இதுல இயேசு எப்ப வாறாரு?" என்றாள்.

"கடைசியில்" என்றேன்.

"நேரமிருந்தா" என்றாள்.

ஞாயிறு, 7 ஜூலை

நன்றாகப் போனது. பெண்கள் பக்கம் முந்தானைகள் கண்ணுக்குப் போயின. பெற்றவள் ஓடிப்போய்ப் பிள்ளையைக் கட்டிக்கொள்ளும் இடத்தில் சோலைச்சாமிகூட மூக்கை உறிஞ்சினார். கோயிலைத் திறந்து, பெருக்கி, மணியடித்து, பிரசங்கத்தின்போது தூங்குவது அவருடைய வழக்கம்.

வெளியே வரும்போது வெள்ளைத்தாய் வாசலில் நின்றாள்.

"அந்தப் பையன் எந்த ஊருங்கய்யா?"

"பக்கத்து ஊரும்மா."

"எந்தப் பக்கம்?"

கிழக்கே கை காட்டினேன். கிழக்கே ஊர் கிடையாது. கருவேலங்காடுதான்.

"அவுக அம்மா குடுத்துவச்சவ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

புதன், 10 ஜூலை

மத்தியானம் சோலைச்சாமி போன் செய்தார்.

"ஐயா, நீங்க சொன்ன பையன் வந்துருக்கான்."

"எந்தப் பையன்?"

"அதேன், முறுக்குக் கம்பெனி. ஊதாச் சட்ட. கெழக்க இருந்து நடந்து வந்தான்யா. அங்கிட்டுப் பாதையே கெடையாது. யாருகிட்டயும் வழி கேக்கல. நேரா வெள்ளைத்தாயி வீட்டு வாசல்ல வந்து உக்காந்துட்டான்."

குடித்திருக்கிறாரா என்று கேட்டேன். அவருக்கு வருத்தம்.

வியாழன், 11 ஜூலை

போய்ப் பார்த்தேன்.

குட்டை. மாநிறம். இடது கைத் தழும்பு பழையது, ஆறிப் பளபளவென்று இருந்தது. பிரசங்கத்தில் நான் தழும்பு என்று மட்டும்தான் சொன்னேன். அதன் உருவம் எழுதும்போது என் மனதில் ஓடியது: முழங்கையில் அகலமாகத் தொடங்கி மணிக்கட்டில் கூராக முடிவது. அதை எமிமாளிடம்கூடச் சொல்லவில்லை. அப்படியே இருந்தது.

"எந்த ஊருப்பா?"

"பக்கத்து ஊருதேன்யா." சிரித்தான்.

"பேரு?"

சிரிப்பு மட்டும் வந்தது. நான் பிரசங்கத்தில் பேர் வைக்கவில்லை.

கம்பெனியில் என்ன வேலை என்று கேட்டேன். நான் சொன்ன வாக்கியங்களையே சொன்னான், நான் மூச்சு விட்ட இடங்களில் மூச்சு விட்டு. எத்தனை பேர் வேலை செய்தார்கள், முதலாளி எப்படி என்றால் தெரியவில்லை. தெரியாதவன் யோசிப்பான் அல்லவா? இவன் யோசிக்கவில்லை. அந்த இடத்தில் எதுவுமே இல்லாதது போல நின்றான்.

வெள்ளைத்தாய் என்னை ஆட்டுக் கொட்டகைப் பக்கம் கூட்டிப்போனாள். அழவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நீங்க சொன்ன பிள்ள வந்துருச்சு. எம்பிள்ள எங்கய்யா?"

வெள்ளி, 12 ஜூலை

புத்தியோடு யோசிக்கலாம். யாரோ பிரசங்கத்தைப் போனில் பதிந்து அனுப்பியிருக்கலாம். ஒலிபெருக்கி பஸ் நிறுத்தம் வரை கேட்கும். ஒரு மோசடிக்காரனுக்கு அது போதும்.

ஆனால் மோசடிக்காரன் எதையாவது கேட்க வேண்டும். இவன் தண்ணீர்தான் கேட்டானாம். குடித்துவிட்டு, தெருக்குழாயிலிருந்து தானே குடங்களில் பிடித்து வந்து நிரப்பி வைத்துவிட்டானாம். ஆடுகளை ஓட்டிப் போகிறான். ஆடுகள் அவன் பின்னால் போகின்றன.

அவனை ஏன் வீட்டில் வைத்திருக்கிறாள் என்று சோலைச்சாமியிடம் கேட்டேன். நானும் கேட்டேன்யா, என்றார். "வாசல்ல வந்து பசிச்சு உக்காந்துருக்க பிள்ளைய எந்திரின்னா சொல்லுவாகன்னு என்னையவே வையுறா."

ஞாயிறு, 14 ஜூலை

ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

உதாரணம் எதுவும் சொல்லவில்லை. விதைக்கிறவன் விதைத்தான், சில விதை பாறையில் விழுந்தது, அவ்வளவுதான். எந்த ஊர்ப் பாறை என்று சொல்லவில்லை. "இன்னைக்குப் பிரசங்கம் சப்புனு இருந்துச்சுய்யா" என்று போகும்போது ஒருவர் சொல்லிவிட்டே போனார்.

ஒரே ஓர் இடத்தில் வாய்தவறி, "நம்ம பக்கத்துல ஒருத்தர்" என்று தொடங்கிவிட்டேன். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். வேலை சொல்வதற்காகக் காத்திருக்கும் ஆள் மாதிரி என் வாயையே பார்த்தான். நிறுத்திவிட்டு ஜெபத்துக்குப் போய்விட்டேன்.

வியாழன், 18 ஜூலை

வெள்ளைத்தாய் பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்கே வந்துவிட்டாள். எமிமாள் கொடுத்த காபியைத் தொடவில்லை.

"மறுக்கா சொல்லுங்கய்யா. சரியாச் சொல்லுங்க. நெட்ட. கறுப்பு. தாடையில கதிரருவா வெட்டு. கோவம் வந்தா பேச மாட்டான், மொகத்தத் திருப்பிக்கிருவான். எதையும் மாத்திராதீக. நீங்க மாத்தப் போயித்தேன் இப்பிடி ஆச்சு."

"நான் உங்க பிள்ளையைச் சொல்லலையேம்மா."

"பெத்தவளுக்குத் தெரியாதாக்கும். சண்ட போட்ட எடம் எஞ் சண்ட. நான் சொன்ன வார்த்தைதேன் அது. ஆள மட்டும் மாத்திட்டீக."

கதை என்றால் என்ன, உவமை என்றால் என்ன, வேதத்தை வாழ்க்கையோடு பொருத்துவது எப்படி என்று விளக்கினேன். இறையியல் கல்லூரியில் இந்தப் பாடத்தில் எனக்கு நல்ல பெயர். பொறுமையாகக் கேட்டாள்.

"நான் சொல்லி யாரும் வந்துர மாட்டாங்கம்மா" என்று முடித்தேன்.

"ஒருத்தன் வந்துருக்கான்ல?"

வெள்ளி, 19 ஜூலை

எமிமாள்: "சொல்லிட்டுத்தான் போங்களேன். நாக்கு தேஞ்சா போயிரும்?"

"வந்துவிட்டால்?"

"நல்லதுதானே."

வந்தால் நான் யார்? அதை அவளிடம் கேட்கவில்லை. வராவிட்டால், அந்த அம்மாவுக்கு மிச்சமிருப்பதையும் பிடுங்கியவன். வந்தாலோ — என்னத்தச் சொல்றது. இத்தனை வருஷம் வாய்க்கு வந்ததையெல்லாம் அந்தப் பீடத்தில் நின்று சொல்லியிருக்கேன். எத்தனை பேரைக் கிணத்துல தள்ளியிருக்கேன், எத்தனை வீட்டை மணல்ல கட்டி இடிச்சிருக்கேன். அதெல்லாம் எந்தப் பக்கத்து ஊர்ல நடந்துச்சு?

ஞாயிறு, 21 ஜூலை

இன்றைய பாகத்தை ஒதுக்கிவைத்துவிட்டேன்.

அவள் சொன்னபடியே சொன்னேன். செல்வக்குமார் என்று பேரையும் சொன்னேன். கோயிலில் விசிறி அசையும் சத்தம்கூட நின்றது. வெள்ளைத்தாய் ஒவ்வோர் அடையாளத்துக்கும் தலையை ஆட்டினாள், வாத்தியார் பாடத்தைச் சரிபார்ப்பது போல. மூன்றாவது வரிசையில் அவன் குனிந்துகொண்டான். சிரிப்பு இல்லாமல் அவன் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். வேறு ஒன்றும் இல்லாத முகம்.

முடிக்க முடியவில்லை. வருவான் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாய் வரவில்லை. பொய்யாகிவிடுமோ என்ற பயம் இல்லை அது. "அவனுக்காக ஒரு அம்மா காத்திருக்கிறாள்" என்றதோடு நிறுத்திவிட்டு ஆமென் சொன்னேன்.

புதன், 24 ஜூலை

ஆடிக் காற்று. கதவைத் திறந்தால் தட்டில் மண். அங்கிருந்து ஒரு செய்தியும் இல்லை. நானும் போன் செய்யவில்லை.

சனி, 27 ஜூலை

காலையிலேயே சோலைச்சாமி. "ஐயா, சீக்கிரம் வாங்க. செல்வக்குமாரு நெசத்துக்கே வந்துட்டான். ஆனா வீட்டுக்குள்ள போக மாட்டேங்கான்."

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்கு எதிரே வேலியோரம் நின்றிருந்தான். நெட்டை, கறுப்பு, தாடையில் அரிவாள் தழும்பு. காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வீட்டையே பார்த்தான். திறந்த கதவுக்குள் அந்த இன்னொருவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"யாருய்யா அது?" என்றான் செல்வக்குமார்.

"விருந்தாளி."

"என் வட்டில்ல சாப்புடுறான்."

வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன்.

"நான் இல்லாம நல்லாத்தான் இருக்காக. விடுங்கய்யா, மத்தியான பஸ்ஸுக்குப் போறேன்."

லூக்காவில் கதை கன்று விருந்தோடு முடியவில்லை. காட்டு வேலையிலிருந்து வந்த மூத்தவன் உள்ளே ஆட்டம் பாட்டம் கேட்டு, கோபித்துக்கொண்டு வெளியே நிற்கிறான். தகப்பன் வெளியே வந்து கெஞ்சுகிறான். அவன் உள்ளே போனானா, திரும்பிப் போனானா? லூக்கா எழுதவில்லை. இரண்டாயிரம் வருடமாக அவன் வெளியே நிற்கிறான். நாங்கள் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுவோம். கல்யாண வீட்டு மனநிலையைக் கெடுக்கும்.

வெள்ளைத்தாய் இரண்டு பேருக்கும் நடுவில் தெருவில் நின்றாள். மகனின் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அவன் எந்திரிக்கட்டும். அப்புறம் வாரேன்."

"சாப்புடுற பிள்ளைய எப்பிடிய்யா எந்திரின்னு சொல்லுவேன்?" என்று என்னிடம் திரும்பினாள். "நான் கூப்புட்டு வரலய்யா அவன. நீங்க கூப்புட்டு வந்த ஆளு. நீங்க சொல்லுங்க."

உள்ளே போனேன். அவன் மிச்சமில்லாமல் சாப்பிட்டான். வட்டிலைக் கழுவித் துடைத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"போதும்ப்பா" என்றேன்.

"சரிங்கய்யா." சிரித்தான். "எங்க போகட்டும்?"

அவனுக்கு நான் இந்த வீட்டைத்தான் சொல்லியிருந்தேன். இதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. கிழக்கே கை காட்டினால் போயிருப்பான் என்று நினைக்கிறேன். பாதையில்லாத அந்தக் காட்டுக்குள் சிரித்துக்கொண்டே போயிருப்பான். கை எழவில்லை.

"வா, நம்ம வீட்டுக்குப் போவோம்" என்றேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது.

நாங்கள் வெளியே வந்ததும் செல்வக்குமார் வேலியை விட்டு நகர்ந்து, எங்களைப் பார்க்காமல், தலையைக் குனிந்து வாசற்படி ஏறினான். பின்னாலேயே வெள்ளைத்தாய். கதவு சாத்தப்பட்டது. உள்ளே அவள் அழும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

திருச்சுழி ரோட்டில் வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியபோது பின்னால் உட்கார்ந்திருந்தவனின் கனம் நன்றாகவே தெரிந்தது. கனம் இல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

திங்கள், 29 ஜூலை

எமிமாள் அவன் கையைப் பார்த்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் எடுத்துவரப் போனாள்.

ஞாயிறு, 4 ஆகஸ்ட்

செல்வக்குமார் அம்மாவோடு கோயிலுக்கு வந்து கடைசி வரிசையில் நின்றான். என்னோடு பேசவில்லை. கோபம் தீர நாளாகும் என்றார் சோலைச்சாமி. ஆனால் வேலியடைக்க முள் வெட்டியிருக்கிறானாம், கடலை விதைக்கப் போகிறானாம். வெள்ளைத்தாய் "ஸ்தோத்திரம்யா" என்றாள். வீட்டுக்கு வேகமாகப் போனாள்.

மற்றவர்கள் போகவில்லை. கோயில் வாசலில் வரிசையாக நின்றார்கள். கோயிலுக்கே வராத தெருக்காரர்களும் நின்றார்கள். ஒருத்தி போனில் போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினாள். "திருப்பூருக்குப் போன எங்க வீட்டுக்காரருய்யா. அடுத்த வாரம் இவுகளச் சொல்லுங்க. இப்ப மீசை வச்சுருப்பாக, அதையும் சேத்துச் சொல்லுங்க." அடுத்த வாரம் லேவியராகமத்திலிருந்து பலி கொடுக்கும் முறைகளைப் பற்றிப் பேசப்போவதாகச் சொன்னேன். அதில் திரும்பி வருகிறவர்கள் யாரும் இல்லை.

வீடு திரும்ப மத்தியானம் ஆகிவிட்டது. வண்டியை நிறுத்தும்போதே அடுப்படியில் சிரிப்புச் சத்தம். ஒன்று அவனுடையது. இன்னொன்றை அடையாளம் காண எனக்குச் சற்று நேரம் பிடித்தது. எமிமாள் இப்படிச் சிரிப்பாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

தரையில் மூன்று இலைகள். மீன் குழம்பு. வறுத்த துண்டு பெரியது அவன் இலையில்.

"செருப்பைக் கழட்டிட்டுச் சீக்கிரம் வாங்க" என்றாள் எமிமாள். "நீங்க வரட்டும்னு பிள்ளை பசியோட உக்காந்துருக்கான்."

கை கழுவிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.