எலி அறைக்கு வெளியே

பிப்ரவரி 6

பேத்திக்குக் காலையிலிருந்து தும்மல். திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தேன், மின்விசிறியைத் துடைத்தேன். நிற்கவில்லை. "தூசி இல்ல பாட்டி, சளி" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு எடுத்துக்கொள்கிற சளியை நான் பார்த்ததில்லை.

என்னை நம்பித்தான் மகள் இவளை இங்கே படிக்க விட்டிருக்கிறாள். ஏதாவது ஆகிவிட்டால் மருமகன் வாயில் விழ வேண்டும். கல்யாணத்தன்றே "அத்தைக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?" என்று சபையில் கேட்டவர். பழுப்புச் சட்டை, மேல் பொத்தான் போடவில்லை. மறப்பேனா?

பிப்ரவரி 19

பல்கலைக்கழகத்தில் இவளுக்கு எலிகளை வைத்துத்தான் ஆராய்ச்சி. "ஊரே எலியை விரட்டுது, நீ அதுக்குத் தொட்டில் கட்டுற" என்றேன். சிரித்தாள். பிறவியிலேயே காது கேட்காத எலிகளாம். இவளும் இவளுடைய சாரும் செய்த மருந்தைக் காதில் போட்டுவிட்டு, பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பாளாம். கேட்டால் காது மடல் சிலிர்க்குமாம். இதுவரை ஒன்றும் சிலிர்க்கவில்லை.

இவள் கை முழங்கை வரைக்கும் தடித்துச் சிவந்திருந்தது. கேட்டால், கையுறை ஒத்துக்கொள்ளவில்லையாம்.

மார்ச் 8

சிலிர்த்துவிட்டது! படியேறி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "ஒரே ஒரு எலி பாட்டி! வலது காது மட்டும்!" என் முகத்துக்கு நேரே கைதட்டித் தட்டிக் காட்டினாள். மூச்சில் விசில் மாதிரி ஒரு சத்தம். படியேறினதால் என்றாள்.

மார்ச் 9

படியேறினால் அந்தச் சத்தம் வராது. இந்த வயதில் எனக்கே வருவதில்லை.

மார்ச் 24

தலையணை உறைக்குள் இன்ஹேலர். கையில் எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றேன்.

"எலி ஒத்துக்கல பாட்டி. போன வருஷத்துலேருந்து. அதோட முடி, மூத்திரம், எல்லாமே."

"அப்புறம் எதுக்குடி அங்க போற?"

"சாருக்குத் தெரிஞ்சா உள்ள விடமாட்டாரு. இன்னும் கொஞ்ச நாள்தான். ஒரே ஒரு எலியோட காதை வெச்சுக்கிட்டு யாரை நம்ப வைக்கிறது?"

"நான் பேசிக்கிறேன் உங்க சார்கிட்ட."

அவசரமாக என் வாயைப் பொத்தினாள். நாளைக்கே பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சொல்லிவிடப் போகிறேன். அழட்டும். கோபித்துக்கொள்ளட்டும்.

மார்ச் 25

பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மார்ச் 28

இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது.

கூண்டு மாற்றும்போது எலி விரலைக் கடித்திருக்கிறது. அடுத்த நிமிஷமே தொண்டை அடைத்துக் கீழே விழுந்திருக்கிறாள். இவளுக்கு ஜூனியர், முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஒருத்தி, அந்தக் குட்டைமுடிதான் அறையிலிருந்து வெளியே இழுத்துப் போட்டாளாம். நன்றாக இருக்கட்டும். அதோடு நிறுத்தியிருக்கலாம் அல்லவா? ஒளித்து ஒளித்து மாத்திரை போட்டது, இன்ஹேலர், ஒன்று விடாமல் சாரிடம் ஒப்பித்திருக்கிறாள். நான் சொல்ல இருந்ததுதான். ஆனால் நான் சொல்வது வேறு. நான் பாட்டி.

டாக்டர் உட்காரக்கூட இல்லை. "எலி இருக்கிற அறைப் பக்கமே போகக் கூடாது."

"முகமூடி போட்டுக்கிட்டு?" என்றாள் இவள். குரலே இல்லை.

"அடுத்த தடவை பிழைப்பீங்கன்னு என்னால சொல்ல முடியாதும்மா."

சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகைத் தடவினேன். தடவாதே என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 10

சார் வீட்டுக்கு வந்தார். எலிகளைக் குட்டைமுடி பார்த்துக்கொள்வாளாம். இவளுக்குக் கம்ப்யூட்டரில் செய்கிற வேலை தருவாராம். பொறுமையாக, தன்மையாகத்தான் பேசினார். அது இன்னும் எரிச்சல். ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை.

பேத்தி ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்த வலது காது எலி நல்லா சாப்பிடுதா சார்?"

அவருக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 11

இவள் சாப்பிடவில்லை.

மே 2

மகள் போன் செய்தாள். "பேங்க் பரீட்சை எழுதச் சொல்லும்மா. அவரு புஸ்தகம் வாங்கி அனுப்புறாராம்." பழுப்புச் சட்டைக்கு இதுதான் நேரம்.

பேத்தியிடம் சொன்னேன். "சரி" என்றாள். முடியாது போ என்று என் மேல் எரிந்து விழுந்திருந்தால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மே 18

சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தி, "கணக்குப்படி இன்னிக்கு அந்த எலிங்க குட்டி போட்டிருக்கும்" என்றாள்.

ஜூன் 7

வாசலில் குட்டைமுடி. என்ன நெஞ்சழுத்தம்! கதவைச் சாத்தப் போனேன்.

"அக்கா, ஒண்ணுமே நடக்கமாட்டேங்குது" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். "அதே மருந்து, அதே அளவு. என் கையில எல்லாம் மிரண்டு போய் மூலையில ஒண்டிக்குது. எனக்கு எதுவும் தெரியலக்கா."

பேத்தி எழுந்து வந்தாள். பாதி வழியிலேயே அந்த விசில் சத்தம். எலி அறையிலிருந்து நேராக வந்திருக்கிறாள் இந்தப் பெண், உடுப்பெல்லாம் அதே வாடை. பேத்தியை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். திட்டுவதற்கு ஒரு மூட்டை வைத்திருந்தேன். உள்ளேயிருந்து மூச்சு வாங்க வாங்க ஒரு கேள்வி: "எப்படித் தூக்குற? வாலைப் பிடிச்சா?"

எத்தனை நாளாயிற்று அவள் ஒரு கேள்வி கேட்டு!

குட்டைமுடியைப் பின்பக்கமாகக் கூட்டிப் போனேன். "தலையோட குளி. சோப்பு தீர்ந்தாலும் பரவாயில்ல." துணிகளைப் பையில் கட்டி வெளியே வைத்தேன். என் நைட்டியைக் கொடுத்தேன். கூடாரத்துக்குள் குச்சி நட்ட மாதிரி வந்து நின்றாள். பேத்தி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

கூடத்தின் இந்தக் கோடியில் இவள், அந்தக் கோடியில் அவள். பேத்தி ஒரு காலுறையைச் சுருட்டி உள்ளங்கையில் வைத்தாள். "வாலைத் தொடாத. ரெண்டு கையையும் கிண்ணம் மாதிரி வை. அதுவா ஏறட்டும். பயந்த எலிக்குக் காது கேட்டாலும் காட்டாது." குட்டைமுடி இன்னொரு காலுறையை வைத்துச் செய்து பார்த்தாள். "இறுக்காத" என்றாள் இவள். "இறுக்காத. மூச்சு விட இடம் கொடு."

அடுத்த வாரமும் வரச் சொல்லி அனுப்பினாள். நான் வாசல் வரை போகவில்லை. அந்தப் பெண்ணோடு எனக்கு இன்னும் கணக்குத் தீரவில்லை.

திரும்பிப் பார்த்தால் பேத்தி அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். காலுறையைக் கீழே வைக்கவில்லை. கட்டைவிரலால் அதன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.