கருவாட்டு டின்னில் வைத்த தேயிலை

தம்பி மக்கா,

நீ போன பிறகு இன்று காலைதான் அந்தக் கருவாட்டு டின்னை எடுத்தேன். மூடியைத் திறந்ததும் வந்த வாடையில் கை நின்றுவிட்டது. அடுப்பில் சட்டி புகைந்ததுகூடத் தெரியவில்லை.

நீ கப்பலில் சமையல்காரனாக இருந்தாய். சீனாவில் கரை இறங்கினால் மற்றவர்கள் போனும் சட்டையும் வாங்குவார்கள். நீ பச்சைத் தேயிலை தேடிப் போவாய். பெயரெல்லாம் என் வாயில் நுழையாது. நத்தைபோல் சுருண்டது, பூசணி விதைபோல் இருப்பது என்று உருவத்தை வைத்துத்தான் எனக்குத் தெரியும். முதல் தடவை அதைப் பாலும் சீனியும் போட்டுக் கொதிக்கவைத்தேன். நீ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாய்.

"எக்கா, இதுக்கு நீ என்னையே கொதிக்க வச்சிருக்கலாம்."

"போலே. ஆளு செத்த துட்டி வீட்டுலதான் பாலில்லாம சாயா குடுப்பாவ."

கடைசியாகக் கொண்டுவந்தது விரல் நீளத் தட்டை இலை. துணியில் வைத்து அழுத்துவார்களாம். நெசவின் தடம் இலைமேல் பதிந்திருந்தது. அது விளைகிற மலைக்குப் போகக் கப்பல்காரர்களுக்கு அனுமதி கிடையாது. துறைமுகத்தில் தேயிலைக் கடை வைத்திருந்த கிழவரிடம் மூன்று வருடம் கெஞ்சி, அதைச் செய்கிற வீட்டிலிருந்தே வரவழைத்தாய்.

"இப்ப பிரிச்சிராத. அடுத்த லீவுல சேந்து குடிப்போம். காத்துப் படாம வையி, கேட்டியா."

நம் வீட்டில் காற்றுப் புகாமல் மூடுவது கருவாட்டு டின் ஒன்றுதான். புளி போட்டுத் தேய்த்து, மூன்று நாள் வெயிலில் காயவைத்து, காகிதப் பொட்டலத்தோடு அதற்குள் வைத்தேன்.

அடுத்த லீவு வருவதற்குள் தொண்டையில் கட்டியோடு உன்னைக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் கட்டியைக் கருக்கக் கரண்ட் வைத்த பிறகு உனக்கு மணமும் ருசியும் போய்விட்டது. மீன்குழம்பும் கஞ்சித்தண்ணியும் ஒன்றுதான். இனி செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிய வாரம் அந்தத் தேயிலையைக் கேட்டாய். நீ சொல்லித்தந்தபடி தண்ணீரின் கொதி அடங்கவிட்டு, கண்ணாடி டம்ளரில் இலைமேல் ஊற்றினேன். ஆவியோடு எழும்பியது கருவாட்டு வாடை.

நீ டம்ளரை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாய்.

"எனக்கு ஒண்ணும் தெரியல. நீ மோந்து சொல்லு எக்கா. பூ மணம் இருக்கும்னு அந்தக் கிழவர் சொன்னாரு. இருக்கா?"

"இருக்குலே."

"என்ன பூ?"

"பிச்சிப்பூ."

"சத்தியமா?"

"ஆண்டவர்மேல சத்தியம் மக்கா."

நீ கண்ணை மூடிக்கொண்டு குடித்தாய். ஒவ்வொரு மடக்கும் இறங்கும்போது பட்ட வேதனை உன் கழுத்து நரம்பில் தெரிந்தது. ஆனாலும் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. "பிச்சிதான்" என்றாய். நாலாம் நாள் போய்விட்டாய்.

ஆண்டவர் பெயரில் பொய்ச் சத்தியம் செய்தவள் நான். மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் கேட்டால், இனி செய்யமாட்டேன் என்று சொல்ல வேண்டுமே. நீ இன்னொரு தடவை அந்த டம்ளரை நீட்டினாலும் நான் பிச்சிப்பூ என்றுதான் சொல்வேன்.

பாவத்தை விட மனமில்லாதவள் அப்பமும் ரசமும் வாங்கக் கூடாது. அதனால் கோவிலில் திருவிருந்து நாளில் எல்லோரும் எழுந்து பீடத்துக்குப் போகும்போது, நான் மட்டும் பெஞ்சிலேயே இருக்கிறேன். பக்கத்தில் இருக்கிறவள் ஏனென்று கேட்டாள்.

முட்டுவலி என்று சொல்லியிருக்கிறேன்.