ஏழாம் எண் ஈரப்பதக் கருவி

அனுப்புநர்:
ந. ராமாமணி (வயது 59),
பழைய ஆய்வகக் கருவிகள் பழுதுபார்ப்பவர்,
கணபதி, கோயம்புத்தூர்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கொங்கு மண்டல நூல் தரச் சோதனைக்கூடம்,
கோயம்புத்தூர்.

பொருள்: நூல் சோதனை அறையின் ஈரப்பதக் கருவி எண் 7 – நல்ல நிலையில் இருந்தும் பழுதெனக் கழிக்கப்பட்டது – 19.11.2025 ஏலப் பட்டியலிலிருந்து நீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: கழிவுக் குழுவின் அறிக்கை, நாள் 6.10.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்களை நேரில் காண மூன்று முறை வந்தேன். மூன்று முறையும் தாங்கள் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். ஆகவே எழுத்தில் தருகிறேன். மனு சற்று நீளம்தான். கடைசி வரை படிக்க வேண்டும் என்பதே என் முதல் கோரிக்கை.

1. கல்லூரிகளும் மில்களும் கைவிட்ட ஆய்வகக் கருவிகளை வாங்கிச் சரிசெய்யும் வேலையை, கணபதியில் ஒற்றை ஷட்டர் கடையில் இருபத்தெட்டு ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். தங்கள் சோதனைக்கூடத்தின் ஈரப்பதக் கருவிகளைப் பராமரிக்கும் பணி 2009 முதல் என்னிடம் இருந்தது. திங்கட்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு வருவேன். ஏழாம் எண் கருவியின் டிரம்மில் புதுத் தாளைச் சுற்றி, கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, பேனாவுக்கு மை விட்டுவிட்டுப் போவேன்.

2. கருவியைத் திறந்து பார்த்திராதவர்களுக்காக ஒரு விளக்கம். இதனுள்ளே ஒரு கற்றை மனித முடி இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். காற்றில் ஈரம் கூடினால் முடி நீளும், குறைந்தால் சுருங்கும். அந்த அசைவைப் பேனா வாங்கி, சுழலும் டிரம்மில் கோடாகப் போடும். இதற்கு மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். வாரம் ஒருமுறை ஓர் ஆள் வந்தால் போதும்.

3. சென்ற ஆண்டு வாங்கிய டிஜிட்டல் மீட்டரைவிட ஏழாம் எண் கருவி எட்டுப் புள்ளி அதிகம் காட்டுகிறது, எனவே அது பழுது என்பது குழு சொல்லும் முதல் காரணம். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் புதிதாக வந்தவர் சொல்வதுதான் சரி என்று குழு எப்படி முடிவு செய்தது என எனக்கு விளங்கவில்லை. டிஜிட்டல் மீட்டர் யு.பி.எஸ். பெட்டிக்கு மேலே உள்ள அலமாரியில் வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே அறையைவிட இரண்டு டிகிரிக்கு மேல் சூடு. என் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். சூடான காற்று உலர்ந்ததாகவே காட்டும். அதை நம்பி அறைக்குள் ஈரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். ஈரப்பதம் அறுபத்தைந்து சதவீதம் இருக்க வேண்டிய அறையில் இப்போது எழுபத்துமூன்று இருக்கிறது. அங்கே எடை பார்க்கும் ஒவ்வொரு நூல்கண்டும் தண்ணீரையும் சேர்த்துத்தான் எடை காட்டுகிறது.

4. இதை நிரூபிக்க எளிய வழி உண்டு. சமையல் உப்பைச் சேறுபோல் நனைத்து, காற்றுப் புகாத பெட்டியில் கருவியோடு வைத்து மூடினால், சில மணி நேரத்தில் உள்ளே ஈரப்பதம் எழுபத்தைந்தில் வந்து நிற்கும். சரியான கருவி எழுபத்தைந்தைக் காட்டும், தவறான கருவி காட்டிக்கொடுத்துவிடும். உப்பும் பெட்டியும் கொண்டுவந்து, தொழில்நுட்ப அலுவலர் திரு. சசிதரிடம் அனுமதி கேட்டேன். “அதெல்லாம் இப்ப எதுக்குங்க அக்கா, விடுங்க” என்றார். மிகவும் மரியாதையாகச் சொன்னதால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லாமல் போயிற்று. அன்றைக்கே என் நுழைவு அனுமதியும் முடிந்தது. உப்பைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுபோனேன்.

5. குழுவின் இரண்டாவது காரணம்தான் என்னை இந்த மனுவை எழுத வைத்தது. 2016 ஆகஸ்டில் இக்கருவி நான்கு நாள் அசையாமல் நின்றது, ‘தூசி அடைப்பு’ என்று பராமரிப்புப் பதிவேட்டில் உள்ளது, ஆகவே இது அடிக்கடி பழுதாகக்கூடியது என்கிறது அறிக்கை. அந்தப் பதிவை எழுதியது நான். அது பொய். தூசி எதுவும் இல்லை. இப்போது உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

6. கருவியின் பழைய முடிக்கற்றை 2014இல் அறுந்துபோனது. மாற்றுக் கற்றை எங்கும் கிடைக்கவில்லை. சாயம் படாத நீள முடி வேண்டும். என் முடியோ நாற்பது வயதிலேயே சாயத்துக்குப் பழகிவிட்டது. நான் புலம்பியதைத் தங்கள் சோதனைக்கூடத்தின் துப்புரவுப் பணியாளர் பாவாத்தாள் கேட்டுக்கொண்டிருந்தார். துடைப்பத்தை ஓரம் வைத்துவிட்டுக் கொண்டையை அவிழ்த்தார். “ஏனுங்க அம்மணி, என்ற முடி ஆகுமுங்களா? வேணுங்கறத வெட்டிக்குங்க” என்றார். ஐம்பதைத் தாண்டியும் கருகருவென்று இருந்தது. காங்கேயத்தில் எண்ணெய் ஆலையில் வேலை பார்த்த அவருடைய அண்ணன் மாதாமாதம் தேங்காய் எண்ணெய் கொடுத்தனுப்புவாராம். அந்த எண்ணெயைப் போக்க நான்கு முறை அலச வேண்டியிருந்தது. அதன்பின் அந்த முடி பிசகாமல் வேலை செய்தது.

2016இல் பேனா நின்றுபோனபோது பெட்டியைத் திறந்தேன். முடி பளபளவென்று இருந்தது. பாவாத்தாள் என் பின்னால் நின்றுகொண்டு, “தொடைக்கறப்பப் பாத்தனுங்க அம்மணி, என்ற முடி எண்ணெயில்லாமக் காஞ்சு கெடந்துச்சுங்க. பாவமா இருந்துச்சு, ஒரு சொட்டு வெச்சுப்போட்டேனுங்க” என்றார். எண்ணெய் பட்ட முடிக்குள் ஈரம் போகாது. அதுதான் நான்கு நாள் பழுது. அலசிக் கட்டியதும் பேனா பழையபடி ஓடியது. உண்மையை எழுதினால் அவர் வேலைக்கு ஆபத்து வரும் என்று ‘தூசி’ என எழுதினேன். பிறகு இருவரும் பின்வாசல் படியில் உட்கார்ந்து நெடுநேரம் சிரித்தோம். தவறு என்னுடையது. அதற்கான தண்டனையைக் கருவிக்குக் கொடுக்க வேண்டாம்.

7. திங்கட்கிழமைகளில் பாவாத்தாள் ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவருவார், நான் இரண்டு பன் வாங்கிவருவேன். பன்னிரண்டு ஆண்டுகள் இப்படிப் போயின. நான் தனியாக வசிப்பவள். வாரம் தவறாமல் என்னை ‘வாங்க’ என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். 2021இல் ஊரடங்கு முடிந்து சோதனைக்கூடம் திறந்த முதல் திங்கட்கிழமை, வழக்கம்போல் இரண்டு பன்னோடு வந்தேன். கேட்டில் காவலர் சஹீர், “அந்த அக்கா போயிட்டாங்களே, உங்களுக்கு ஆரும் சொல்லலீங்களா?” என்றார். இறந்து முப்பத்துநான்கு நாள் ஆகியிருந்தது. அவருக்கு உறவினர்கள் இருந்தார்கள்; ஆனால் எனக்கும் தகவல் சொல்ல வேண்டும் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவருடைய புகைப்படம்கூட என்னிடம் இல்லை.

அன்றும் தாளை மாற்றினேன். அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகளாக மாற்றி வந்தேன். பத்து நிமிட வேலைக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறேன் என்று சிலர் குறைப்பட்டதை அறிவேன். அந்தக் குற்றச்சாட்டு சரியே.

8. ஆகவே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது:

(அ) ஏலத்துக்கு முன் தங்கள் முன்னிலையில் இரண்டு கருவிகளுக்கும் உப்புச் சோதனை நடத்த அனுமதிக்க வேண்டும். ஏழாம் எண் கருவி மூன்று புள்ளிக்கு மேல் பிசகினால் நான் வாய் திறக்காமல் போய்விடுகிறேன்.

(ஆ) தேறினால் அதைப் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். தாள் மாற்ற நானே வருகிறேன். இதற்கு ஊதியம் வேண்டாம்.

(இ) இவை இரண்டும் முடியாது என்றால், இரும்புக் கடைக்குப் போகும் முன் முடிக்கற்றையை மட்டும் கழற்றி எனக்குத் தர வேண்டும். இரண்டு திருகாணிகள்தான், ஒரு திருப்புளி இருந்தால் கழற்றிவிடலாம். பாவாத்தாள் எனக்கு உறவில்லை. சாதியும் ஊரும் வேறு. உரிமை என்று கேட்க என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. ஆனால் இருப்புப் பதிவேட்டைப் பார்க்கவும். இக்கருவியின் பாகங்கள் பதினொன்றும் அதில் உள்ளன, முடி இல்லை. 2014இல் அதை நான் பதிவு செய்யவில்லை. எனவே அலுவலகத்துக்குச் சொந்தமான எதையும் நான் கேட்கவில்லை.

9. கடந்த 27ஆம் தேதி தங்களைப் பார்க்க வந்தபோது கழிவுப் பொருள் அறை திறந்திருந்தது. கருவி தரையில் இருந்தது. கடிகாரம் நின்றிருந்தது, டிரம்மில் தாள் இல்லை. வெளியே மழை. பேனா மட்டும், தாள் இருந்தால் தொண்ணூறு வரும் உயரத்தைத் தாண்டி ஏறி நின்றது. மழை பெய்கிறது என்று அந்த முடிக்குத் தெரிந்திருக்கிறது. எடைக்குப் போகும் வரை அது இப்படித்தான் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். பார்க்க ஆளில்லாமல் அது வேலை செய்வதை என்னால் தாங்க முடியவில்லை.

ஏலத்துக்கு முன்னால் இன்னும் ஒரு திங்கட்கிழமை இருக்கிறது. அன்று காலை பத்து மணிக்கு உப்பு, பெட்டி, திருப்புளி மூன்றோடும் கேட்டுக்கு வெளியே நிற்பேன். எதை எடுத்துக்கொண்டு உள்ளே வர வேண்டும் என்று தாங்கள் சொல்லியனுப்பினால் போதும்.

இடம்: கோயம்புத்தூர்
நாள்: 10.11.2025

இங்ஙனம்,
ந. ராமாமணி

இணைப்பு:
1. 2016 ஆகஸ்ட், நான்கு நாள் நேர்கோடு உள்ள வாரத்தாள் (அசல். ஓரத்தில் உள்ளது எண்ணெய்க் கறை).
2. 2021இல் திறந்த முதல் வாரத்தின் தாள் (நகல். அசலை நானே வைத்துக்கொள்ள அனுமதிக்கவும்).