சர்வீஸ் லிஃப்ட்

மார்ச் 9, திங்கள்

ஊரிலிருந்து வந்து இறங்கியதும் ஏறியது தவறான பஸ். "போர்டப் பாத்து ஏற மாட்டியா?" என்கிறார் நடத்துநர். போர்டில் வெறும் எண். அது எங்கே போகும் என்று ஊருக்குப் புதியவனுக்கு யார் சொல்வது? அக்கா தங்கி வேலை செய்கிற அந்த மாடிக் குடியிருப்பு எந்தப் பாலத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிறது. போகத்தான் வழியில்லை. மழைக்காலத்திலிருந்து அவள் போன் அணைந்தே கிடக்கிறது. "கையோட கூட்டிட்டு வா" என்று அனுப்பியிருக்கிறாள் அம்மா.

மார்ச் 10

இஸ்திரி போட்ட சட்டையோடு முன்கேட்டில் நின்றேன். மீசைக்காரக் காவலாளி வீட்டுக்குப் பேசிவிட்டு, "விட வேணாங்கறாங்க" என்றார்.

"அவளக் கீழ வரச் சொல்லுங்க."

"கொழந்த தூங்குதாம். அவ நகர முடியாதாம்."

"நான் விருந்தாளிங்க."

"வீட்டுக்காரங்களுக்கு வந்தாத்தான்யா விருந்தாளி. வேலக்காரிக்கு வந்தா அதுக்குப் பேரு தொந்தரவு."

மார்ச் 11

குழந்தை இன்னும் தூங்குகிறதாம். கும்பகர்ணன் வீட்டுப் பிள்ளையா அது?

மார்ச் 12

பின்கேட்டு டீக்கடையில் தண்ணீர் கேன் போடுகிறவர் என் கதையைக் கேட்டுச் சிரித்தார். "இஸ்திரி சட்டைக்குத்தான் மாப்ள கேள்வி. கேனத் தூக்கு, எவனும் மூஞ்சியப் பாக்க மாட்டான்." தன் சட்டையைக் கழற்றித் தந்தார்.

இன்று பின்கேட்டில் நின்றது அதே மீசைக்காரர். பார்க்கவேயில்லை. லிஃப்டில் எழுதியிருந்தது: பணியாளர், நாய், குப்பை. எந்த வரிசையில் எழுதியிருக்கிறான் பார்! பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

வீட்டம்மா போனில் பேசியபடியே கதவைத் திறந்து கிச்சனைக் காட்டினார். அங்கே அக்கா, பால் புட்டி கழுவிக்கொண்டு. இளைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "கேன எறக்குடா மொதல்ல" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள்.

"நான் போறேம்மா. இவன் என் தம்பி."

அப்போதுதான் அந்தம்மா என் முகத்தைப் பார்த்தார். "இவன எவன் உள்ள விட்டான்?"

"நீங்கதான்" என்றாள் அக்கா.

கீழே மீசைக்காரர் மறித்தார். "நீயா! எப்பய்யா உள்ள போன?"

"உங்க முன்னாடிதான்."

முகம் சுருங்கியது. வேலை செய்கிறவர்கள் வெளியே போனால் பையைக் கொட்டிப் பார்ப்பது இங்கே சட்டமாம். கொட்டினார். சீப்பு, இரண்டு துணி, போன் சார்ஜர்.

"போன் எங்கம்மா?"

"மேல. மணி அடிச்சா கொழந்த முழிச்சிக்கும்னு வாங்கி வெச்சிட்டாங்க."

சார்ஜரைச் சுற்றிப் பைக்குள் வைத்தார். பிறகு போனை எடுத்து மேலே வீட்டுக்குப் பேசினார்: "மேடம், அந்தப் பொண்ணு போனு உங்ககிட்ட இருக்காம். எறக்கி விடுங்க. அதுவரைக்கும் இவங்க இங்கதான் நிப்பாங்க."

லிஃப்ட் இறங்கியது. உள்ளே ஆளில்லை. தரையில் போன் கிடந்தது.

மார்ச் 13

ஊருக்கு பஸ். சார்ஜ் ஏறியதும் போனில் குறுஞ்செய்தி மேல் குறுஞ்செய்தி விழுகிறது. எல்லாம் இத்தனை நாள் அம்மா கூப்பிட்டதைச் சொல்பவை. அக்கா பார்க்கவில்லை. நான் கேன் சுமந்த தோளில் தலை வைத்துத் தூங்குகிறாள். வலிக்கிறது. அசையாமல் இருக்கிறேன்.