ஒன்றாம் நம்பர் பேசமாட்டேன் என்கிறது

வியாழன்

மலையில் விடிந்ததிலிருந்து தூறல். சட்டை காயவில்லை. ஈரத்தோடே ஸ்கூல்.

ஆயுத பூஜை லீவு முடிந்து லேப் திறந்தால் ஒன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் மட்டும் மற்றவற்றோடு பேசவில்லை. எங்கள் ஃபைல் எல்லாம் அதில்தான். மற்ற கம்ப்யூட்டர்கள் அதிலிருந்து எடுத்துத்தான் திறக்கும். நெட்வொர்க்காம். நெட்டும் இல்லை, வொர்க்கும் இல்லை.

கம்ப்யூட்டர் சார் நேராக என்னைப் பார்த்தார். "இன்னாடா பண்ண?"

"நான் ஒண்ணும் பண்ணல சார்."

"நீதாண்டா பண்ணிருப்ப. நீயே சரி பண்ணு."

இந்த முறை நிஜமாகவே நான் இல்லை. யார் நம்புவார்.

திங்கள் லேபைப் பார்க்க அதிகாரி வருகிறார். லேப் ஓடினால் பிளஸ் டூ பிராக்டிகல் இங்கேயே. ஓடாவிட்டால் கீழே, கலசப்பாக்கத்தில்.

பக்கத்து பெஞ்ச் மலர்: "கீழன்னா எங்க வூட்ல அனுப்ப மாட்டாங்கடா. காலைல பஸ்ஸும் இல்ல." பிராக்டிகல் போனால் அவளுக்கு வருஷமே போச்சு.

வெள்ளி

பார்த்தவை: ஃபோல்டர் ஷேரிங், ஆன். ஒர்க்குரூப் பெயர், எல்லாவற்றிலும் ஒன்றே. பாஸ்வேர்ட் கேட்பதை நிறுத்தியாயிற்று. ஃபயர்வாலை அணைத்து, மறுபடி போட்டு... ம்ஹூம். எங்கள் கிளாஸில் கடலைமிட்டாயே ஷேர் ஆகாது, ஃபைலா ஆகும்.

கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. கண் எரிச்சல்.

"முடிஞ்சுதாடா?"

"முடிஞ்சுது சார். என் கதை."

சனி

ஸ்பெஷல் கிளாஸ். உதவிக்கு மலர். 'இருக்கியா' என்று கேட்கும் பிங் அனுப்பினால் மற்ற கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று பதில் தருகின்றன. ஒன்றாம் நம்பர் மட்டும் கப்சிப். கேபிளை மாற்றியும் அதே. பின்பக்கம் கேபிள் சொருகும் இடத்தில் எரிய வேண்டிய பச்சை விளக்கு எரியவில்லை. சாரின் செல்லை வாங்கி டார்ச் அடித்தேன். ஓட்டைக்குள் காய்ந்த சந்தனம். மேலே குங்குமம்.

பூஜைக்காக எல்லாக் கேபிளையும் கழற்றித் துடைத்திருந்தோம். வாசலுக்கு முதுகைக் காட்டி நிற்பது ஒன்றாம் நம்பர் மட்டும்தான். அதனால் அதற்கு மட்டும் பொட்டு முதுகில். வைத்தது யார்?

மலர் முகம் சுண்டிவிட்டது. "பெரிய கம்ப்யூட்டராச்சேன்னு பெருசா வெச்சேன்டா."

பழைய டூத் பிரஷ், முதலுதவிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட். தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தது. காயவிட்டு, கேபிள். பச்சை எரிந்தது. எல்லாவற்றிலும் ஃபோல்டர் திறந்தது.

சார் வந்தார். "எவண்டா அதுல சந்தனத்த அப்புனது?"

மலர் எழுந்திருப்பதற்குள், "நான்தான் சார்."

உடனே நம்பிவிட்டார். கொஞ்சம் யோசித்தாவது இருக்கலாம்.

தண்டனை: மாசம் முழுக்க லேப் பெருக்குவது.

திங்கள்

அதிகாரி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். தலையாட்டினார். பிராக்டிகல் இங்கேயே.

சாயங்காலம் நான் துடைப்பத்தோடு. முதுகு விட்டுப்போயிற்று. மலர் உட்கார்ந்தபடியே காலை மட்டும் தூக்கிக்கொண்டாள், பெருக்க வசதியாக. நன்றி கின்றி எதுவும் இல்லை.

"இனிமே ஃபெயிலானா பஸ்ஸு மேல பழி போட முடியாது. சரி பண்ணித் தொலைச்சிட்டியேடா."